ஆறு மணி நேர ஷிஃப்ட்

மலேசியாவின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் சகஜம்; உடம்பில் தெம்பு குறைந்தவர்களுக்கு அங்கே இடமில்லை என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் மைக்ரோஸ்கோப் முன் உட்கார்ந்து சில்லுகளைச் சோதிக்கக் கண்தான் வேண்டும், தோள்பலம் அல்ல. அந்தக் கண்ணும் பத்தாவது மணியில் சோர்ந்துவிடும். அந்த ஷிஃப்டை இருவருக்கு ஆறாறு மணியாகப் பிரித்துத் தரலாம். ஐந்து நாளுக்கு வாரம் 30 மணி என்பது 45 மணி முழுநேரத்தில் 70 விழுக்காட்டைத் தாண்டாது. ஆகவே 2010-ஆம் ஆண்டின் பகுதிநேர விதிமுறையே போதும். 2023 முதல் தொழிலாளி வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும். ஆள் மாறும்போதெல்லாம் தூசிக்காப்பு உடை மாட்டவே நேரம் போகும் என்பார்கள் மேலாளர்கள். போகட்டுமே, களைப்பில் கோட்டைவிட்ட சில்லு திரும்பி வரும் செலவை அவர்கள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. சம்பளம் குறையுமே என்பதுதான் கனமான மறுப்பு. குறையும்தான், வீட்டிலேயே முடங்கியிருப்பவருக்கு இன்று வருவது சைபர்.