வயிற்று வலியா? ‘வாயு’ என்று விட்டுவிடாதீர்கள்!

வயிற்று வலி வராத மனிதர் உண்டா? விருந்து சாப்பிட்டால் வலி. பட்டினி கிடந்தாலும் வலி. ஓமத் தண்ணீர் குடித்தால் போய்விடும். ஒரு சோடா குடித்தால் ஏப்பம் வந்து தீர்ந்துவிடும்.

ஆனால் ஒரு வலி இருக்கிறது. அது ஓமத்துக்கும் அடங்காது, சோடாவுக்கும் அடங்காது. மேல் வயிற்றில் தொடங்கி முதுகு வரை பாயும். மல்லாந்து படுக்க முடியாது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் சற்று இதம். வாந்தி வந்தபடி இருக்கும்.

அது கணையத்தின் வலியாக இருக்கலாம்!

கணையம் என்பது எது?

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் கிடக்கும் உறுப்பு அது. அதற்கு இரண்டு வேலை. சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சுரக்கும். உணவைச் செரிக்க வைக்கும் நீரையும் சுரக்கும்.

இந்த நீர் குடலுக்குப் போன பிறகே வேலை செய்ய வேண்டும். பித்தப்பைக் கல் வந்து வழியை அடைத்தாலோ, மது கணையத்தைக் கெடுத்தாலோ, அது கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கிவிடும். சோற்றைச் செரிக்க வேண்டிய நீர், சொந்த உறுப்பையே செரிக்கும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! இதற்குத் ‘திடீர் கணைய அழற்சி’ என்று பெயர்.

இந்த நோய் கண்ட ஐந்து பேரில் ஏறக்குறைய நால்வர் சில நாட்களில் தேறிவிடுவார்கள். ஐந்தாவது ஆளுக்குத்தான் ஆபத்து. கணையத்தில் ஒரு பகுதி செத்துவிடலாம். சுற்றிலும் நீர் தேங்கலாம். அதில் கிருமி புகுந்தால் சீழ் பிடிக்கும். நுரையீரலும் சிறுநீரகமும் தளரும்.

அந்த ஐந்தாவது ஆள் யார்? ஆபத்து முற்றும் முன்பே கண்டுபிடிக்க முடியுமா? பெருமளவு முடியும் என்கிறது விஞ்ஞானம்.

வயிற்றைக் கிழிக்காமல் பார்க்கலாம்

1895-ல் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். எலும்பு தெரிந்தது. ஆழத்தில் கிடக்கும் கணையம் தெரியவில்லை.

1971-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி லண்டனில் ஒரு புது இயந்திரம் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. அதைச் செய்தவர் ஹவுன்ஸ்பீல்டு என்ற எஞ்சினீயர். வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கினால் உள்ளே இருப்பது தெரிகிறது அல்லவா? அதுபோல, கத்தி படாமலே உடலை வில்லை வில்லையாகக் காட்டும் இயந்திரம் அது. அதுதான் சி.டி. ஸ்கேன். 1979-ல் ஹவுன்ஸ்பீல்டுக்கும் கார்மாக் என்ற விஞ்ஞானிக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நோய்க்கும் மார்க் உண்டு!

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மார்க் போடுகிறார்கள். நியூயார்க் நகரத்து டாக்டர் பால்தசாரும் அவருடைய தோழர்களும் கணையத்துக்கு மார்க் போட்டார்கள். 1985-ல் தொடங்கிய இந்த முறை 1990-ல் முழு வடிவம் பெற்றது.

கணையம் வீங்கினால் 1. சுற்றியுள்ள கொழுப்பிலும் அழற்சி பரவினால் 2. ஓரிடத்தில் நீர் தேங்கினால் 3. பல இடங்களில் தேங்கினால் 4. கணையத்தில் செத்த பகுதி மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் மேலும் 2. பாதி வரை என்றால் 4. பாதிக்கு மேல் என்றால் 6. ஆக மொத்தம் 10.

இந்தப் பரீட்சையில் மார்க் குறைந்தால்தான் மகிழ்ச்சி! 1990-ல் அவர்கள் கண்ட கணக்கு இது: 3 மார்க் வரை பெற்றவர்களில் 100-க்கு 8 பேருக்கே சிக்கல் வந்தது, 3 பேர் இறந்தார்கள். 7 முதல் 10 வரை பெற்றவர்களில் 100-க்கு 92 பேருக்குச் சிக்கல். 17 பேர் இறந்தார்கள்.

அவசரப்பட்டால் ஏமாற்றம்

“அப்படியானால் போனவுடனே ஸ்கேன் எடுக்கச் சொல்லலாமே!” என்று கேட்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். செத்த பகுதி முதல் நாள் படத்தில் சரியாகத் தெரியாது. மூன்று நான்கு நாட்கள் சென்ற பிறகே தெளிவாகத் தெரியும். முதல் நாள் படத்தைப் பார்த்து “ஒன்றும் இல்லை” என்று நிம்மதி அடைவது தவறாகப் போகலாம்.

முதல் நாளில் ரத்தப் பரிசோதனை உண்டு. பித்தப்பைக் கல்லைக் காட்டும் அல்ட்ரா சவுண்டு உண்டு. நாடி, மூச்சு, சிறுநீரின் அளவு ஆகியவையும் பேசும். நுரையீரலோ சிறுநீரகமோ 48 மணி நேரத்துக்கு மேல் தளர்ந்தே இருந்தால் நோய் கடுமையானது என்பது 2012-ல் உலக நிபுணர்கள் வகுத்த விதி. படம் மட்டுமே போதாது என்பதற்கு இதுவே சாட்சி.

எனவே “நாலாம் நாள் எடுக்கலாம்” என்று டாக்டர் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். நோய் இன்னதென்றே புரியாவிட்டால் அவரே முன்னதாக எடுப்பார். நாலாம் நாள் எடுக்கச் சொன்னால், “வலிதான் குறைந்துவிட்டதே” என்று மறுக்காதீர்கள். ஸ்கேனுக்கு முன் மருந்து ஒன்றை ஊசி வழியாகச் செலுத்துவார்கள். சிறுநீரகக் கோளாறோ, கர்ப்பமோ, மருந்து ஒவ்வாமையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

திருவண்ணாமலைக்கு என்ன வேண்டும்?

மார்க் தெரிந்து என்ன பயன்? யாருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு வேண்டும், யாரை எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதை முடிவு செய்ய அது உதவும். சீழ் பிடித்தாலும் உடனே வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. முதலில் குழாய் வைத்து வடிக்கும் முறையை நெதர்லாந்து டாக்டர்கள் ஆராய்ந்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த முறையில் 100-க்கு 35 பேருக்குக் குழாயே போதுமானதாக இருந்தது.

திருவண்ணாமலையில் 2013 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. வேலூர் சுமார் 80 கிலோமீட்டர். புதுச்சேரி ஜிப்மர் சுமார் 100 கிலோமீட்டர். ஜவ்வாது மலைக் கிராமத்து ஏழைக்கோ, மலையிலிருந்து இறங்குவதே ஒரு பயணம். நோய் முற்றிய பிறகு இந்தத் தூரத்தைக் கடப்பது உயிரோடு விளையாடுவது ஆகும்.

ஆகவே, மாவட்டத்தில் எந்த ஆஸ்பத்திரியில் கணையத்தை ஸ்கேன் எடுத்தாலும், அறிக்கையில் மார்க்கைத் தவறாமல் எழுத வேண்டும். மார்க் உயர்ந்தால் யாருக்குப் போன் செய்வது, எங்கே அனுப்புவது என்பது முன்பே தீர்மானமாகி இருக்க வேண்டும். நோயாளியுடன் படமும் போக வேண்டும். இதற்குப் புது இயந்திரம் தேவையில்லை. ஒழுங்கு இருந்தால் போதும்.

குடும்பத்தாருக்கும் கடமை உண்டு. மது பழக்கம் உள்ளவர் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. பித்தப்பைக் கல்லால் இந்த நோய் வந்து பிழைத்தவர், பித்தப்பையை எப்போது எடுப்பது என்று கேட்டு, அந்த நாளைத் தள்ளிப் போடாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நோய் திரும்பி வரலாம்.

மேல் வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்து வாந்தியும் நிற்கவில்லையா? விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.