யாருடைய ஃபோகஸ்?

ஜூலியா மார்கரெட் கேமரன் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம்மவர்களிடம் இரண்டு குரல்களைக் கேட்கிறேன். ஒன்று, படங்கள் எல்லாம் மங்கல், டெக்னிக் தெரியாத பெரிய வீட்டு அம்மாளின் பொழுதுபோக்கு என்கிறது. மற்றது பரிந்து பேசுகிறது: அந்தக் காலத்து லென்ஸ் அப்படி, ஈரக் கொலோடியன் தகட்டின் முன் நிமிஷக்கணக்கில் யாரால் அசையாமல் உட்கார முடியும், என்ன இருந்தாலும் முன்னோடிப் பெண்மணி அல்லவா? முதல் குரலோடு எனக்குச் சண்டையில்லை. 1865இலேயே லண்டன் போட்டோகிராபிக் ஜர்னல் அதைச் சொல்லியாயிற்று. அதே வருஷம் சௌத் கென்ஸிங்டன் மியூசியம் அவர் படங்களை வாங்கியும் ஆயிற்று. இந்தப் பரிவுதான் எரிச்சலூட்டுகிறது. படத்தைப் பார்க்காமலே மன்னித்துவிடுகிறார்கள்.

கேமரன் கைக்குக் காமிரா வந்தது 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் கொடுத்த பரிசாக. வயது 48. கோழிக்கூடு கண்ணாடி அறையாயிற்று, நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. ஒரே வருஷத்தில், 1864 கடைசியில், விஞ்ஞானி ஹெர்ஷலுக்கு எழுதுகிற கடிதத்தில், ஃபோகஸ் என்றால் என்ன, இதுதான் முறையான ஃபோகஸ் என்று சொல்ல யாருக்கு உரிமை என்று கேட்கிறார். 1874இல் எழுதிய நினைவுக் குறிப்பில் முதல் மங்கல் படங்கள் தற்செயலாக அமைந்தவை என்று சொல்லிவிட்டு, அந்தத் தற்செயல் எது என்றும் சொல்கிறார்: லென்ஸைத் திருகிக்கொண்டு வரும்போது கண்ணுக்கு அழகாகப் பட்ட இடத்தில் நிறுத்திவிட்டாராம், மற்றவர்கள் வற்புறுத்தும் கூர்மைவரை போகவில்லையாம். நிறுத்தியது லென்ஸ் அல்ல. கவிதையில் வரியை எங்கே முறிப்பது என்று இரவெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்கிற நம் கவிஞர்களுக்குக்கூட இது புரியவில்லை என்பதுதான் வேடிக்கை.

1867இல் எடுத்த ஹெர்ஷல் படத்தைப் பாருங்கள். கிழவரின் வெள்ளை முடி இருட்டிலிருந்து பீறிட்டு வருகிறது. கண்களில் ஈரம். தோள் எங்கே முடிகிறதென்று தெரியாது. பாஸ்புக்கில் ஒட்ட இதைக் கொண்டுவந்தால் என் கௌண்டரில் திருப்பிக் கொடுத்துவிடுவேன், விதி அப்படி. நம் விமர்சகர்கள் எந்தக் கௌண்டரில் உட்கார்ந்திருக்கிறார்கள்?

கேமரனிடம் கேட்கவேண்டிய கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே இரண்டு குரல்களும் மௌனம். கணவரின் காப்பித் தோட்டங்களை நம்பி 1875இல் அவர்கள் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்தத் தீவின் காப்பித் தோட்டங்கள் தமிழ்நாட்டிலிருந்து போன கூலிகளின் உழைப்பில் நடந்தவை. அங்கே கேமரன் எடுத்தவற்றில் எஞ்சியிருப்பவை 30க்கும் குறைவு. இங்கிலாந்தில் டென்னிசன், கார்லைல் எல்லாரும் பெயரோடு நிற்கிறார்கள். வேலைக்காரி மேரி ஹில்லியரை மாதாவாக உட்காரவைத்தார். அவள் பெயரும் நமக்குத் தெரிகிறது. இலங்கைப் படங்களில் இருப்பவர்களுக்கோ பெரும்பாலும் பெயரே இல்லை. ஃபோகஸை நிர்ணயிக்க யாருக்கு உரிமை என்று கேட்டவர் இங்கே தோட்டத்துரையின் மனைவி. அந்தக் கேள்வியை அவரிடம் திருப்பிக் கேட்கும் நிலையில் எதிரே நின்றவர்கள் இல்லை. ஹெர்ஷலுக்குப் பக்கத்தில் இந்தப் படங்களையும் வைத்து யாராவது எழுதட்டும், படிக்கிறேன். 1879இல் இறந்த கேமரன், அந்த மலைத்தோட்டங்களுக்கு நடுவே பொகவந்தலாவையில் புதைக்கப்பட்டிருக்கிறார்.