அமெரிக்க வீரருக்கு காண்ட்ராக்ட், நம்ம வீரருக்கு பெர்மனென்ட்: கூடைப்பந்தில் எது லாபம்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்று வீட்டில் சொன்னால், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: “காண்ட்ராக்டா, பெர்மனென்டா?”

இதே கேள்வியை வெளிநாட்டு லீக்குகளில் ஆடும் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களிடம் கேட்டால், எல்லோருக்கும் ஒரே பதில்தான்: காண்ட்ராக்ட். சென்னையில் இருக்கும் நம்முடைய முன்னணி வீரர்கள் பலரிடம் கேட்டால், ரயில்வேயிலோ வங்கியிலோ பெர்மனென்ட். அமெரிக்கர்கள் மணிலா, பெய்ஜிங் என்று ஊர் ஊராகப் போய் ஆடுவதற்கும், இந்தியர்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே வெளியே போயிருப்பதற்கும் முக்கியக் காரணம் இந்த வித்தியாசம்தான்.

அமெரிக்கர்கள் ஏன் வெளியே போகிறார்கள்?

கணக்கு எளிது. என்.பி.ஏ.வில் 30 அணிகள். ஓர் அணிக்கு 15 முழு ஒப்பந்தங்கள் என்றால் மொத்தம் 450 இடங்கள். அதற்குக் கீழே, துணை லீக்கான ஜி லீக்குக்கும் மெயின் அணிக்கும் மாறி மாறி ஆடும் ‘டூ-வே’ ஒப்பந்தங்கள் அணிக்கு 3.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் டிவிஷனில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. ஆனால் ஆண்டுதோறும் நடக்கும் என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வாகிறவர்கள் அதிகபட்சம் 60 பேர். அதிலும் ஒரு பங்கு ஐரோப்பியர்களுக்குப் போய்விடும். மீதிப்பேருக்கு மூன்று வழிகள்: ஆட்டத்தை விட்டுவிட்டு வேறு வேலை தேடலாம், குறைந்த சம்பளத்தில் ஜி லீக்கில் காத்திருக்கலாம், இல்லையென்றால் பாஸ்போர்ட்டை எடுக்கலாம்.

பிரவுன்லீ கதை என்ன சொல்கிறது?

பாஸ்போர்ட்டை எடுத்தவர்களில் ஒருவர் ஜஸ்டின் பிரவுன்லீ. நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர். 2011 டிராஃப்டில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. 2016-ல் பிலிப்பைன்ஸின் பி.பி.ஏ. லீக்கில் பாரங்காய் ஹினெப்ரா அணிக்கு வந்தார். அதுவும் முதல் தேர்வாக இல்லை. அந்த அணி ஏற்கெனவே எடுத்திருந்த அமெரிக்கர் காயமடைந்ததால், மாற்று ஆளாக வந்தார்.

அந்த ஆண்டு இறுதிச்சுற்றின் கடைசி நொடியில் அவர் போட்ட மூன்று புள்ளி ஷாட்டில், ஹினெப்ராவின் 8 ஆண்டு கோப்பை வறட்சி முடிந்தது. தொடர்ந்து மொத்தம் 6 கோப்பைகள். 2023 ஜனவரியில் தனிச் சட்டம் போட்டு அவருக்குக் குடியுரிமை கொடுத்தது பிலிப்பைன்ஸ். அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 1962-க்குப் பிறகு அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் கூடைப்பந்து தங்கத்தில் அவருக்குப் பெரிய பங்கு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதே கதையை இன்னொரு பக்கத்திலிருந்தும் பாருங்கள். காயமடைந்த அந்த முதல் வீரருக்கு நடந்ததுதான் இந்தத் தொழிலின் அன்றாடம். உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால், ஊரிலிருந்து இன்னொருவர் விமானம் ஏறிவிடுவார்.

காண்ட்ராக்ட்டில் என்ன இருக்கும்?

ஐ.பி.எல். பார்ப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஆடும் 11 பேரில் வெளிநாட்டவர் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது இல்லையா? கூடைப்பந்திலும் பெரும்பாலான லீக்குகளில் அப்படி ஒரு வரம்பு உண்டு. பிலிப்பைன்ஸ் இன்னும் கறார். அங்கே ஆண்டின் ஒரு தொடரில் வெளிநாட்டு வீரருக்கு அனுமதியே இல்லை; மற்ற தொடர்களில் அணிக்கு ஒருவர்தான் வழக்கம்.

இடம் குறைவு என்பதால் எதிர்பார்ப்பு அதிகம். உள்ளூர் வீரர் ஒருநாள் சொதப்பினால் ‘பரவாயில்லை’ என்பார்கள். வெளிநாட்டவர் இரண்டு மூன்று ஆட்டம் சொதப்பினால் ஆளையே மாற்றிவிடுவார்கள்.

ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு சீசனுக்குத்தான். சம்பளத்தோடு வீடு, விமான டிக்கெட், சில இடங்களில் கார் என்று கிளப் கொடுக்கும். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற, பழைய நாட்டின் சம்மேளனம் ‘லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ்’ தர வேண்டும். நம்ம ஆபீஸ் மொழியில் சொன்னால், ரிலீவிங் லெட்டர்.

சம்பளம் வரலைன்னா?

இதற்காகவே சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபீபா, 2007-ல் ஒரு நடுவர் தீர்ப்பாயத்தைத் தொடங்கியது. இப்போது அதன் பெயர் பாஸ்கெட்பால் ஆர்பிட்ரல் டிரிபியூனல், சுருக்கமாக ‘பேட்’. பாக்கி வைத்த கிளப் தீர்ப்புப்படி பணம் தரவில்லை என்றால், புதிதாக வெளிநாட்டு வீரர்களைப் பதிவு செய்ய ஃபீபா தடை போடலாம். கிளப்புகள் பயப்படுவது இதற்குத்தான்.

ஒரு சிக்கல் உண்டு. ‘தகராறு வந்தால் பேட் தீர்ப்பாயத்துக்குப் போவோம்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால்தான் பொதுவாக அந்தக் கதவு திறக்கும். கையெழுத்துப் போடும் அவசரத்தில் அதைக் கவனிக்காமல் விட்டால், தெரியாத ஊரில், தெரியாத மொழியில் கோர்ட் வாசலில் நிற்க வேண்டியதுதான். வளைகுடா வேலைக்குப் போய் வந்தவர்கள் வீட்டில் இதை விளக்கத் தேவையில்லை.

பெண்களுக்கு ஏன் இது இன்னும் கடினம்?

2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் பிரிட்னி கிரைனர் கைதானது நினைவிருக்கும். உலகின் முன்னணி வீராங்கனை சீசன் இல்லாத மாதங்களில் ரஷ்யாவுக்கு ஏன் போனார்? அப்போது அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் உச்சபட்ச அடிப்படைச் சம்பளமே ஆண்டுக்குச் சுமார் 2.28 லட்சம் டாலர். ரஷ்ய கிளப் கொடுத்தது 10 லட்சம் டாலருக்கும் மேல். போதைப்பொருள் வழக்கில் 9 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, டிசம்பரில் கைதிகள் பரிமாற்றத்தில்தான் அவர் வீடு திரும்பினார். ஓய்வெடுக்க வேண்டிய மாதங்களிலும் வேறு நாட்டில் ஆடினால்தான் வருமானம் என்ற நிலையில் இருந்தவர் அவர் மட்டும் இல்லை.

சரி, நம்ம ஊரில் என்ன நிலைமை?

இங்கே பாதை நேர் எதிர். பள்ளி, கல்லூரி, மாநில அணி, அப்புறம் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. சென்னையில் தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், இந்தியன் வங்கி போன்றவைதான் பல ஆண்டுகளாகக் கூடைப்பந்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. இந்திய மகளிர் அணியின் முன்னாள் கேப்டனும் 2021-ல் பத்மஸ்ரீ பெற்றவருமான சென்னையின் அனிதா பால்துரை, ரயில்வே வழியாக வந்தவர்தான்.

இந்தப் பாதையிலிருந்தே வெளிநாட்டுக்கும் போய்வந்தவர் கீது அன்னா ஜோஸ். கேரளத்தில் பிறந்து, தெற்கு ரயில்வே ஊழியராக ஆடியவர். 2006-ல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்கு ஆடப் போனார். 2011-ல் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுக்கு அழைக்கப்பட்டார். இடம் கிடைக்கவில்லை. ஆனால் அமெரிக்க வீரர்களுக்கு இல்லாத ஒன்று அவருக்கு இருந்தது: திரும்பி வர ஒரு வேலை.

ஆண்களில் பஞ்சாபின் சத்னம் சிங்கை 2015 டிராஃப்டில் டல்லாஸ் மாவெரிக்ஸ் 52-வது ஆளாக எடுத்தது. ஆனால் என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2017-ல் அம்ரித்பால் சிங் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸுக்கும், அம்ஜோத் சிங் அமெரிக்க ஜி லீக்கின் ஓக்லஹோமா சிட்டி புளூ அணிக்கும் போனார்கள். பட்டியல் பெரிதாக நீளாது.

அப்போ, வேலையை விட்டுவிட வேண்டியதுதானா?

அவசரப்பட வேண்டாம். 2015-ல் தொடங்கிய யு.பி.ஏ. லீக்கில் ‘சென்னை ஸ்லாம்’ அணி இருந்தது. சில சீசன்களோடு அந்த லீக்கே நின்றுபோனது. அதை நம்பி வங்கி வேலையை ஒருவர் விட்டிருந்தால் என்ன ஆகியிருப்பார்? 2022-ல் வந்த ஐ.என்.பி.எல்.-ல் ‘சென்னை ஹீட்’ ஆடியது. ஜப்பானின் பி.லீக்கில் ஓர் அணி வழக்கமான சீசனில் மட்டும் 60 ஆட்டங்கள் ஆடும். நம்ம லீக் சீசன்களோ இதுவரை அதைவிட மிகக் குறுகியவை. குறுகிய சீசன் சம்பளத்தில் ஓர் ஆண்டுக் குடும்பச் செலவு ஓடாது.

அதனால் பெர்மனென்ட் வேலையைப் பிடித்துக்கொள்ளும் வீரரை ‘ரிஸ்க் எடுக்கத் தெரியாதவர்’ என்று சொல்வது நியாயமில்லை. அவர் போடும் கணக்கு சரி. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. தன்னைவிடப் பலமானவர்களோடு வாரம் இரண்டு மூன்று ஆட்டம் ஆடிப் பழகும் வாய்ப்பு, 22-லிருந்து 28 வயதுக்குள் கைநழுவிப் போகிறது.

இரண்டையும் சேர்க்க வழி இல்லாமல் இல்லை. அரசு நிறுவன வேலையில் இருப்பவர் வெளிநாட்டில் ஆட விடுப்பும் தடையில்லாச் சான்றும் வேண்டும். அதை ஒரு சீசனுக்கு முழுமையாகவும், சீனியாரிட்டி பாதிக்காமலும் கொடுத்தால், இன்னும் பல கீதுக்கள் போய்வர முடியும். அடுத்து ஒரு புதிய லீக் அறிவிப்பு வரும்போது, எந்த நடிகர் அணி வாங்கினார் என்பதை அப்புறம் பார்க்கலாம். சீசன் எத்தனை மாதம், சம்பளத்துக்கு யார் உத்தரவாதம், தகராறு வந்தால் எங்கே போவது? சிப்காட்டில் ஆஃபர் லெட்டரைப் புரட்டும்போது நாம் தேடுவதும் இதைத்தானே.