கீழ் ஸ்தாயிக்காரர்கள்

மாசி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை வட்டாரத்தில் மேடைக்குப் பஞ்சமில்லை. திருவப்பூர் முத்துமாரியம்மன் கோயில் திருவிழாவில் தொடங்கி, பங்குனியில் நார்த்தாமலைத் தேர், அதன் பிறகு ஊருக்கு ஊர் பூச்சொரிதல், காப்புக்கட்டு என்று கோடை முழுக்க எங்காவது ஒரு மெல்லிசைக் கச்சேரி நடந்துகொண்டே இருக்கும். அந்தப் பருவம் நெருங்கும்போது பேஸ் கிட்டார் வாசிக்கும் பையன்கள் சிலர் என்னைத் தேடி வருவார்கள். கேள்வி ஒன்றுதான். "அண்ணே, இதை வித்துட்டு வேற வாங்கலாமா, இல்ல இதையே சரிபண்ணிக்கலாமா?"

என் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். கழுத்து முறுக்கிக்கொள்ளாமல் இருந்தால் விற்காதே. கையில் இருப்பதைச் செம்மைப்படுத்து. அதற்குப் பிறகும் உன் காது குறை சொன்னால் அப்போது புதிதைப் பார்ப்போம்.

இதைச் சிக்கனத்துக்காக மட்டும் சொல்லவில்லை. வாத்தியத்தைத் தன் காதுக்கேற்ப மாற்றிக்கொள்வது இந்த மண்ணின் பழக்கம். கஞ்சிராவைக் கர்நாடகக் கச்சேரி மேடையில் ஏற்றியவர் புதுக்கோட்டை மாமூண்டியா பிள்ளை. நாட்டுப்புற ஆட்டங்களிலும் பஜனையிலும் புழங்கிய ஒரு தட்டு வாத்தியத்தை எடுத்து, சலங்கைத் துளைகளைக் குறைத்து, தவில்காரரிடம் கற்ற லயக் கணக்கை அதில் இறக்கினார். பலா மரச் சட்டம், உடும்புத் தோல், ஒரு சாண் அகலம். அவ்வளவுதான் வாத்தியம். உள்பக்கம் தண்ணீர் தடவினால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். பிடித்திருக்கும் கையின் விரல்களால் தோலை அழுத்தி அழுத்தி விட்டால் அந்த ஒரு சாணுக்குள்ளிருந்து கும்மென்று அடிநாதம் எழும். பின்னாளில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காக்க வந்தது. ஆட்டுத் தோலிலும் செயற்கைத் தோலிலும் அந்த நாதத்தைத் தேடும் வேலை இன்னும் நடக்கிறது.

மாமூண்டியா பிள்ளையின் சீடர் பழனி முத்தையா பிள்ளை. அவர் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை மிருதங்கத்தில் தாழ்ந்த நாதம் தரும் தொப்பிப் பக்கத்தைப் பேசவைத்தவர். அந்தப் பக்கத்தில் அவர் எழுப்பிய கும்கியைப் பற்றி இன்றைய வித்வான்களும் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் பேசுகிறார்கள். புதுக்கோட்டை பாணி என்று லய உலகம் சொல்லும்போது அதில் கீழ்நாதத்துக்கு இருக்கும் கண்ணியமும் சேர்த்தி என்றே நான் நினைக்கிறேன். அப்படிப்பட்ட ஊரில் பேஸ் கிட்டாரை மேடையின் உபரி என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சொல்கிறார்கள். கீபோர்டுக்காரரின் இடது கை போதும், பென் டிரைவில் டிராக் போட்டால் போதும் என்று ஓர் ஆளைக் குறைத்துவிடுகிறார்கள். இளையராஜா பாடல்களை அப்படி வாசித்துக் கேட்டவர்களுக்கு என்ன குறைகிறது என்று தெரியும். 'மூடுபனி', 'பயணங்கள் முடிவதில்லை' காலத்துப் பாடல்களில் பேஸ் தாளத்துக்குத் துணையாக மட்டும் நிற்பதில்லை. பாடகரின் மெட்டுக்கு அடியில் அதற்கென்று இன்னொரு மெட்டு ஓடுகிறது. அவருடைய குழுவில் அந்த வரிகளை ஆண்டுக்கணக்கில் வாசித்தவர் சசிதரன். ரகுமானின் பாடல்களுக்குக் கீத் பீட்டர்ஸ். இந்த இரண்டு பெயர்களையாவது பாட்டுப் பிரியர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இனி வாங்கும் கதைக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு கீரனூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவருடன் திருச்சிக்குப் போய் ஒரு செகண்ட் ஹேண்ட் பேஸ் பார்த்தோம். விற்கிறவர் பாலிஷைக் காட்டினார். தம்பி பிராண்ட் பெயரைப் பார்த்தார். நான் வாத்தியத்தை வாங்கி, உடல் பக்கத்தைக் கன்னத்தோடு சேர்த்து, கழுத்தை நெடுக ஒரு கண்ணால் பார்த்தேன். ரயில் தண்டவாளம் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும். இரண்டு ஓரங்களும் சீராகப் போகின்றனவா, அல்லது ஓர் ஓரம் மட்டும் திருகிக்கொண்டு போகிறதா? முன்னோக்கிய வளைவு இருந்தால் பயமில்லை, உள்ளே இருக்கும் ட்ரஸ் ராடால் சரிசெய்யலாம். திருகல் இருந்தால் அந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் இன்னொன்று வாங்கிவிடலாம்.

அடுத்து, தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலாலும், கழுத்து உடலோடு சேரும் இடத்தில் இன்னொரு விரலாலும் அழுத்திப் பிடித்தேன். ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பிக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தது. அது போதும். பிறகு நான்கு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, ஆம்ப்ளிஃபயரில் செருகாமலே வாசித்துப் பார்த்தோம். பேஸ் வாங்கும்போது முதலில் செருகாமல் வாசிக்க வேண்டும். மரம் அதிர்கிறதா என்பது அடிவயிற்றில் தெரியும், எந்த ஃப்ரெட் தேய்ந்து கம்பி கரகரக்கிறது என்பதும் மறைக்க முடியாமல் வெளியே வரும். கடைசியாகத்தான் பன்னிரண்டாவது ஃப்ரெட். அதன் மேல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலியும், அதே ஃப்ரெட்டை அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். அந்த வாத்தியத்தில் இரண்டு கம்பிகள் சற்றுக் கூடுதலாகப் பேசின. பிரிட்ஜில் உள்ள சேடிலை ஸ்க்ரூ டிரைவரால் பின்னுக்கு நகர்த்தினால் தீர்ந்துவிடும் குறை அது. விலையைக் குறைத்துப் பேச மட்டும் அதைப் பயன்படுத்திக்கொண்டோம்.

வாங்கிவந்த மறுவாரமே தம்பிக்கு, கம்பியின் அதிர்வை மின் அலையாக்கும் பிக்கப்பை மாற்ற ஆசை. இணையத்தில் பார்க்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த ஆசைதான் முதலில் வருகிறது. நான் தடுத்தேன். முதலில் கம்பி மாற்று. இரண்டாயிரம் ரூபாய் அளவில் ஒரு நல்ல செட் போட்டால் ஐந்தாண்டு அழுக்கேறிய வாத்தியம் வேறு குரலில் பேசும். சுற்றுக் கம்பி தெரியும் சாதாரணக் கம்பியா, வழவழப்பான ஃப்ளாட் கம்பியா என்பதில்தான் ஒலியின் குணம் பாதி இருக்கிறது. அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனப் பாடல்களுக்கு அடித்தளம் போட்ட ஜேம்ஸ் ஜேமர்சன் ஃப்ளாட் கம்பிதான் போடுவார், அறுந்தாலொழிய மாற்றவும் மாட்டார். அந்த மங்கிய, உருண்ட ஒலி அவருக்கு வேண்டியிருந்தது. நம் பழைய பாடல்களுக்கு அது அழகாகப் பொருந்தும். டிரம்ஸும் பேடும் முழங்கும் இன்றைய குத்துப் பாட்டுக்குப் புதுக் கம்பியின் பளிச்சென்ற ஒலி இல்லாவிட்டால் பேஸ் காணாமல் போகும்.

கம்பிக்கு அடுத்தது செட்டப். நம் மாவட்டத்தின் காய்ச்சும் வெயிலில் மரம் ஒரு மாதிரி இருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் வேறு மாதிரி இருக்கும். மரம் ஈரத்தை வாங்கும், விடும். அதற்கேற்பக் கழுத்தின் வளைவும் மாறும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது ட்ரஸ் ராடைத் திருக ஆலன் கீயைக் கையில் எடுத்தாக வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருகக் கூடாது. திருகிவிட்டு ஓர் இரவு விட்டுவைத்து, காலையில் மறுபடி பார்க்க வேண்டும். அவசரப்பட்டு ராடை முறித்த வாத்தியங்கள் எத்தனையோ பரணில் கிடக்கின்றன.

மூன்றாவதாகச் சொல்வதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஆனால் மேடையில் அதுதான் பெரிய தொல்லை. ஊம் என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் இரைச்சல். விலை உயர்ந்த பிக்கப் போட்டும் அது போகவில்லை என்று அழுவார்கள். பின்பக்க மூடியைத் திறந்து பாருங்கள். வயர்கள் ஓடும் குழிக்குச் செம்புத் தாள் ஒட்டி, அதை எர்த்தோடு சேர்த்து, பிரிட்ஜுக்கு அடியிலிருந்து வரும் மெல்லிய வயர் விட்டுப்போயிருந்தால் சால்டரிங் வைத்தால் பாதி இரைச்சல் அடங்கும். கீரனூர்த் தம்பியின் வாத்தியத்தில் அந்த வயர் சரியாக உருகிப் பிடிக்காத ஈயத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, விரலால் தொட்டதும் கையோடு வந்தது. ரேடியோ மெக்கானிக் ஒருவர் ஐந்து நிமிடத்தில் வைத்துக்கொடுத்தார், காசு வாங்கவில்லை.

இவை எல்லாம் முடிந்த பிறகும் ஒலி பிடிக்கவில்லை என்றால் பிக்கப்பை மாற்றலாம், குற்றமில்லை. பேட்டரி போட்ட ஆக்டிவ் சர்க்யூட் வைத்துக்கொள்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கேபிள் செருகியிருக்கும்வரை அந்த 9 வோல்ட் பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். இடைவேளையில் கேபிளைக் கழற்றுங்கள்.

நான்கு கம்பியா ஐந்து கம்பியா என்பது அடுத்த வழக்கு. 1951இல் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸுக்கு நான்கு கம்பி, அதிரும் கம்பியின் நீளம் 34 அங்குலம். ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தவர்களுக்குத் தோளில் தொங்கும் வாத்தியம் கிடைத்தது. அந்த 34 அங்குலம்தான் இன்றும் வழக்கம். நான்காவது கம்பியின் அதிர்வு விநாடிக்கு ஏறத்தாழ 41. ஐந்தாவது கம்பி சேர்த்தால் 31க்கு இறங்கும். கம்பி எண்ணிக்கையைப் பற்றிய யோசனை நம் ஊருக்குப் புதிதல்ல. குடுமியான்மலைக் குடைவரைக்கு அருகே பாறையில் செதுக்கிய ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு, ஸ்வர வரிசைகளை எழுதிவிட்டு, இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று தமிழில் முடிகிறது. வீணைக் கம்பிகளின் எண்ணிக்கையே அது என்று பல ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். திருமயத்திலும் மலையக்கோயிலிலும் கல்வெட்டில் வரும் பரிவாதினி, ஏழு கம்பி வீணையின் பெயர். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பாறைகளுக்கு நடுவே எத்தனை கம்பி என்று கேட்டவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

என் தீர்ப்பு: திருவிழா மேடைக்கு நான்கு போதும். நம் ஊர் ஸ்பீக்கர்களில் பலவற்றில் 41 அதிர்வே முழுசாக வெளியே வருவதில்லை. அதன் மேல் எழும் கிளை ஒலிகளைக் கேட்டு நம் காதுதான் அடிச் சுருதியைக் கூட்டிக்கொள்கிறது. 31க்கு இறங்க நினைக்கிறவர்கள் முதலில் சப் வூஃபருக்கு வழி பார்க்க வேண்டும். புதிய பாடல்களையும் சர்ச் பாடல்களையும் வாசிக்கிறவர்களுக்கு ஐந்தாவது கம்பி உதவும், மறுக்கவில்லை.

இடது கைக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆவூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் கோயில் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்க ஆசைப்படுகிறார். இடது கைப் பழக்கம். இடது கை பேஸ் கடைகளில் அபூர்வம், கிடைத்தாலும் விலை கூடுதல். வலது கை வாத்தியத்தைத் திருப்பிக்கொள்ளலாம். கழுத்தின் நுனியில் கம்பிகள் பதியும் நட்டைக் கழற்றித் தடித்த கம்பிக்குத் தடித்த பள்ளமாகப் புதிதாக அறுக்க வேண்டும், சேடில்களை மறுபடி நிறுத்த வேண்டும், வார் மாட்டும் குமிழை எதிர்க் கொம்புக்கு மாற்ற வேண்டும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் முழங்கையில் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இடது கைக்காரரான பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்கில் ஹோஃப்னர் பேஸை வாங்கியதற்கு, அதன் உடல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததும் ஒரு காரணம். 1972இல் திருடுபோன அந்த வாத்தியம் அவருக்குத் திரும்பக் கிடைத்த செய்தியை 2024இல் படித்து நான் உண்மையாகவே கண் கலங்கினேன். பழனி சுப்பிரமணிய பிள்ளையும் இடது கைக்காரர்தான். உட்காரும் பக்கம் மாறுகிறது என்று பலர் தயங்கிய காலத்தில் செம்பை வைத்தியநாத பாகவதர் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடினார். அந்தப் பெண்ணுக்கும் யாரோ ஒருவர் இடம் கொடுத்தால் போதும், மீதியை அவர் விரல் பார்த்துக்கொள்ளும்.

மரத்தையே அறுக்கலாமா, ஃப்ரெட்டைப் பிடுங்கலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃப்ரெட் இல்லாத பலகைக்குப் படகுக்குப் பூசும் எபாக்சியைப் பூசி ஒரு புதுக் குரலையே கண்டுபிடித்தார். செய்யுங்கள், ஆனால் இரண்டாவது வாத்தியத்தில் செய்யுங்கள். வயிற்றுப்பாட்டுக்கு வாசிக்கும் வாத்தியத்தில், திருப்பிப் பழையபடி ஆக்க முடியாத எதையும் செய்யாதீர்கள். கழற்றிய பிக்கப்பையும் திருகாணியையும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். விற்கும் நாளில் அந்த டப்பாவுக்கும் விலை உண்டு.

கடைசியாகத் திருவிழாக் கமிட்டியினருக்கு. பேஸ்காரர் எவ்வளவு செலவு செய்து வாத்தியத்தைச் செம்மைப்படுத்தினாலும் மேடையில் எர்த் இல்லாவிட்டால் அத்தனையும் வீண். அதைவிட, கம்பியில் கையும் மைக்கில் உதடும் ஒரே நேரத்தில் பட்டால் ஷாக் அடிக்கும். உயிர்ப் பிரச்சினை. ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடித்திருக்கிறதா என்று விளக்கு போடும் முன் பாருங்கள். குழுவோடு தொகை பேசும்போது, பாடகர் யார், டான்ஸ் உண்டா என்பதோடு பேஸ் கிட்டார் உண்டா என்றும் கேளுங்கள். நீங்கள் கேட்டால் குழுக்காரர்கள் அழைத்து வருவார்கள்.