சாவி கைமாறக் கூடாது

பினாங்கில் இணையத்தளம் உருவாக்கப் பழகும் மாணவர்களுக்கு இந்த வாரம். சொந்தக் கணினியில் தளத்தை எச்டிடிபிஎஸ் முறையில் திறந்ததும் உலாவி எச்சரித்துத் தடுக்கிறதா? சான்றிதழில் கையொப்பமிட்டவர் நீங்களேதான். தனக்குத் தானே எழுதிக்கொண்ட நற்சான்றை யார் நம்புவார்?

எச்சரிக்கையை மீறித் தொடரப் பழகினால், வங்கித் தளத்திலும் விரல் அதையே செய்யும். எம்கேசெர்ட் என்ற இலவச நிரலைப் பயன்படுத்துங்கள். ‘எம்கேசெர்ட் -இன்ஸ்டால்’ என்ற கட்டளை உங்களுக்கென ஒரு மூலச் சான்றிதழை உருவாக்கி, கணினியின் நம்பகப் பட்டியலில் சேர்க்கும். அடுத்து ‘எம்கேசெர்ட் லோக்கல்ஹோஸ்ட்’ கொடுத்தால் தளத்தின் சான்றிதழும் சாவியும் இரண்டு கோப்புகளாகக் கிடைக்கும். அவற்றைச் சர்வரில் பொருத்தி, உலாவியை மூடித் திறந்தால் எச்சரிக்கை மறையும்.

ஆனால், மூலச் சான்றிதழின் இரகசியச் சாவியை நண்பருக்கும் அனுப்பாதீர்கள். அதை வைத்திருப்பவர் எந்த வங்கியின் பெயரிலும் சான்றிதழ் தயாரித்து உங்கள் உலாவியை ஏமாற்றலாம்.

நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்பதை 2011இல் நம் நாடு பார்த்தது. டிஜிசெர்ட் செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனம் 512 பிட் அளவே உள்ள பலவீனமான சாவிகளுக்கு 22 சான்றிதழ்களை வழங்கியிருந்தது. அந்நிறுவனம் மார்டி வேளாண் ஆய்வுக் கழகத்துக்கு வழங்கிய சான்றிதழ் ஒன்று களவுபோய், தீநிரலுக்குக் கையொப்பமிடப் பயன்பட்டது. நவம்பரில் மொசில்லா, மைக்ரோசாப்ட், கூகுள் மூன்றும் அந்நிறுவனத்தின் சான்றிதழ்களை ஏற்க மறுத்தன. அதே பெயருள்ள அமெரிக்க நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

வேலை முடிந்ததும் ‘எம்கேசெர்ட் -அன்இன்ஸ்டால்’ கொடுத்து, உங்கள் மூலச் சான்றிதழை நம்பகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.