வேறொரு சமுதாயத்தின் வாசலில்

விடுமுறை நாள்களில் நம் குடும்பங்கள் பல கோடியக்கரைக்குச் சென்று வருகின்றன. நல்ல வழக்கமே; இறைவனின் படைப்புகளைக் கண்டு சிந்திப்பதும் வணக்கமாகும். வெளிமான்களைக் காப்பதற்காக 1967இல் சரணாலயமாக்கப்பட்ட அவ்விடத்தின் சதுப்பு நிலங்களுக்குப் பூநாரைகளும் மழைக்காலத்தில் கூட்டங்கூட்டமாக வருகின்றன.

ஆனால், அங்கு நாம் நடந்துகொள்ளும் விதம் வருத்தமளிக்கிறது. படம் எடுப்பதற்காகப் பறவைகளைக் கைதட்டி விரட்டுகிறோம். உணவு கொண்டுசென்ற நெகிழிப் பைகளை அங்கேயே எறிகிறோம். நெடுந்தொலைவு பறந்து வந்து இரைதேடும் பறவை, நம்மால் வீணாக எழும் ஒவ்வொரு முறையும் தன் வலிமையை இழக்கிறது.

விலங்குகளும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்பதைத் திருக்குர்ஆன் (6:38) உணர்த்துகிறது. பிறர் வீட்டினுள் அனுமதி பெற்று, ஸலாம் கூறியே நுழைய வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், இச்சமுதாயத்தின் வீட்டில் மட்டும் அந்த ஒழுக்கத்தை மறக்கலாமா? அவற்றிடம் அனுமதி கேட்க இயலாது. எனவே விலகி நிற்பதும், குரலைத் தாழ்த்துவதும், கொண்டுசென்றவற்றைத் திரும்பக் கொண்டுவருவதும் நம் கடமையாகின்றன.

குஞ்சுகளை இழந்து தவித்த தாய்ப்பறவையிடம் அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். அந்த இரக்கத்தை அல்லாஹ் நம் உள்ளங்களிலும் விதைப்பானாக! ஆமீன்.