விளையும் பயிரைக் கண்டவர்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். அது எப்போதும் உண்மையாக இருந்தால், அமெரிக்கக் கால்பந்துக் கோஷ்டிகளின் நிர்வாகிகள் பலருக்கு உத்தியோகம் போயிருக்காது!

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது, முட்டை வடிவமான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் முரட்டு ஆட்டத்தை. அங்கே 32 கோஷ்டிகள் உள்ளன. ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் அவை, கல்லூரிகளில் ஆடிவரும் இளைஞர்களை ஏழு சுற்றுகளில் பங்கு போட்டுக்கொள்கின்றன. இதற்கு ‘டிராப்ட்’ என்று பெயர். நம் கிரிக்கெட்டில் நடப்பதுபோல ஏலம் கிடையாது. முந்திய ஆண்டில் கடைசியாக நின்ற கோஷ்டிக்கு முதல் வாய்ப்பு. வாகை சூடிய கோஷ்டிக்கு ஒவ்வொரு சுற்றிலும் கடைசி வாய்ப்பு. வேண்டுமானால் தங்கள் வாய்ப்புகளை ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்ளலாம்.

யாரை எடுப்பது என்று தீர்மானிப்பவர் ஜெனரல் மானேஜர். டிராப்ட் முடிந்த மறுநாளே பத்திரிகைகள் அவருக்குப் பரீட்சை மார்க் போட்டுவிடுகின்றன. அவர் எடுத்த பையன் அதற்குள் ஒரு பந்தயம்கூட ஆடியிருக்க மாட்டான்! இப்படிப்பட்ட ஒருவருடைய திறமையை எதைக்கொண்டு அளப்பது? பால்டிமோர் ரேவன்ஸ் கோஷ்டிக்கு 1996 முதல் 2018 வரை 23 டிராப்டுகளை நடத்திய ஆஸி நியூஸமின் கதையைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

முதல் நாள் வெற்றி

நியூஸம் தாமே பெரிய ஆட்டக்காரர். 1999-ஆம் ஆண்டில் கால்பந்துக் கீர்த்தி மண்டபத்தில் இடம் பெற்றவர். 2002-ல் அவருக்கு ஜெனரல் மானேஜர் பட்டம் கிடைத்தபோது, இந்த லீகில் அப்பதவியை வகித்த முதல் கறுப்பர் அவரே.

1996-ல் அவர் நடத்திய முதல் டிராப்டில் பால்டிமோருக்கு 4-வது இடம் வாய்த்தது. உரிமையாளர் ஆர்ட் மாடலுக்கு லாரன்ஸ் பிலிப்ஸ் என்ற ஓட்டக்காரர்மீது கண். நியூஸமோ, தமது பட்டியலில் மேலே நின்ற ஜோனதன் ஆக்டன் என்ற தடுப்பு ஆட்டக்காரரை எடுத்தார். அதே நாளில் 26-வது இடத்தில் ரே லூயிஸையும் எடுத்தார். பின்னாளில் இருவரும் கீர்த்தி மண்டபம் ஏறினார்கள். பிலிப்ஸை 6-வது ஆளாக எடுத்த செயின்ட் லூயி கோஷ்டி 1997-லேயே அவரைக் கைவிட்டது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நியூஸம் ஒரு தீர்க்கதரிசி. ஆனால் 2000-ஆம் ஆண்டை என்ன செய்வது? அந்த ஆண்டு பந்தெறிந்து ஆட்டத்தை நடத்தும் ‘குவார்ட்டர்பேக்’ ஒருவர் அவருக்குத் தேவைப்பட்டார். 75-வது இடத்தில் கிறிஸ் ரெட்மன் என்பவரை எடுத்தார். எடுக்க ஆளின்றி 199-வது இடம்வரை காத்திருந்த டாம் பிரேடி, பிறகு ஏழு சூப்பர் பௌல் பட்டங்களை வென்றார். இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அதே நியூஸம் கண்ணிருந்தும் குருடர்!

இரண்டும் தவறான தீர்ப்புகளே. பிரேடியை லீகிலுள்ள கோஷ்டிகள் அத்தனையும் பல முறை தாண்டிச் சென்றன. அவரை எடுத்த நியூ இங்கிலாந்தும் அதற்கு முன் அவ்வாறே தாண்டிப் போனதுதான். எல்லோரும் செய்த பிழையை ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல.

நூற்றுக்கு ஐம்பத்திரண்டு

பேராசிரியர்கள் கேட் மாஸ்ஸியும் ரிச்சர்ட் தேலரும் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்து, 2013-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். பின்னவர் 2017-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். ஒரே ஸ்தானத்தில் ஆடுகிற இருவரில், முதலில் எடுக்கப்பட்டவர் அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறந்து விளங்குவது நூற்றுக்குச் சுமார் 52 தடவைதான் என்று அவர்கள் கண்டார்கள். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வருமே! மேலான இடத்துக்காகக் கோஷ்டிகள் அளவுக்கு மீறிய விலை கொடுக்கின்றன என்பதும் அவர்கள் முடிவு.

ஆகவே நிபுணரின் கண்ணுக்கும் எல்லை உண்டு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைகளும் இதில் நிறைய. அப்படியானால் நிர்வாகியின் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது? எத்தனை வாய்ப்புகளைச் சேர்த்தார், ஒவ்வொன்றுக்கும் என்ன விலை கொடுத்தார் என்பதில் இருக்கிறது.

ஒப்பந்தம் முடிந்த நல்ல ஆட்டக்காரர்களை வேறு கோஷ்டிகளுக்கு இழந்தால், ஈடாக மறு ஆண்டு டிராப்டில் கூடுதல் இடங்கள் தருவது லீகின் விதி. இதை நியூஸம் போல் பொறுமையாகப் பயன்படுத்தியவர்கள் குறைவு. 2018-ல் தமது கடைசி டிராப்டில், 16-வது இடத்திலிருந்து இருமுறை பின்வாங்கி 25-வது இடத்துக்கு வந்து, அதற்கு ஈடாக வேறு இடங்களைப் பெற்றார். சுற்றுக்கு ஒருவராக ஏழு பேர் என்பதே சாதாரணக் கணக்கு. அவர் அந்த ஆண்டு 12 பேரை எடுத்தார். அவர்களில் 86-வதாக வந்த மார்க் ஆண்ட்ரூஸ் நட்சத்திரமானார். 2007-ல் அதே 86-வது இடத்தில் எடுத்த மார்ஷல் யாண்டா 13 பருவங்கள் பால்டிமோருக்கே ஆடினார். வலையை அகலமாக வீசுகிறவனுக்கு மீன் கிடைப்பதில் அதிசயமில்லை.

அதே 2018-ல்தான் லமார் ஜாக்சனும் வந்தார். 25-வது இடத்தில் அவரை விட்டுவிட்டு ஹேடன் ஹர்ஸ்ட்டை எடுத்த நியூஸம், பிறகு அவ்வாண்டின் இரண்டாம் சுற்று இடத்தையும் மறு ஆண்டின் இரண்டாம் சுற்று இடத்தையும் கொடுத்து, 32-வது ஆளாக ஜாக்சனைப் பிடித்தார். ஜாக்சன் 2019, 2023 பருவங்களில் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார். இதில் சாமர்த்தியமும் உண்டு; முதல் தடவை விட்டவர் இரண்டாம் தடவைவரை மிஞ்சியிருந்த அதிர்ஷ்டமும் உண்டு.

பிழையும் பழக்கமும்

குறைகளையும் இதே தராசில் நிறுக்க வேண்டும். 2003-ல் 19-வது இடத்தில் கைல் போலர் என்ற குவார்ட்டர்பேக்கை எடுக்க, அவ்வாண்டின் இரண்டாம் சுற்று இடத்தையும் மறு ஆண்டின் முதல் சுற்று இடத்தையும் நியூ இங்கிலாந்துக்குக் கொடுத்தார். போலர் சோபிக்கவில்லை. கைவிட்டுப் போன இடத்தில் நியூ இங்கிலாந்து எடுத்த வின்ஸ் வில்போர்க், தம் கோஷ்டியின் தூணாக நின்றார். போலரைத் தவறாக மதிப்பிட்டது யாருக்கும் நேரக்கூடியது. ஒருவரை நம்பி இரண்டு விலையுயர்ந்த வாய்ப்புகளைப் பணயம் வைத்ததே கேள்விக்குரிய காரியம்.

இன்னொன்றும் உண்டு. எறியும் பந்தைப் பிடிக்கும் ‘ரிசீவர்’ ஸ்தானத்துக்கு முதல் சுற்றில் 2000-ல் டிராவிஸ் டெய்லர், 2005-ல் மார்க் கிளேட்டன், 2015-ல் பிரெஷாத் பெரிமன் என மூவரை எடுத்தார். மூவரும் எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை. தோல்விகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் விதி என்று விடலாம். ஒரே ஸ்தானத்தில் திரும்பத் திரும்ப நேர்ந்தால், பார்வையில் ஏதோ கோளாறு என்று சந்தேகிக்க இடமுண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, காலம் வேண்டும். ஆக்டனும் லூயிஸும் வந்த 1996-ல் பால்டிமோர் 16 பந்தயங்களில் நான்கைத்தான் வென்றது. 1997-லும் 1998-லும் ஆறாறு. அவசரக்கார முதலாளி ஒருவர் அந்த மூன்றாண்டு முடிவில் நியூஸமுக்குச் சீட்டுக் கிழித்திருந்தால், கேட்டவர்கள் நியாயம் என்றே சொல்லியிருப்பார்கள். 2001 ஜனவரியில் பால்டிமோர் சூப்பர் பௌலை வென்றபோது, அந்த ஆட்டத்தின் தலைசிறந்த வீரர் விருதைப் பெற்றவர் 26-வதாக எடுக்கப்பட்ட ரே லூயிஸ்தான்!

இன்று மூன்றாண்டு பொறுக்காத முதலாளிகள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் வேலை பார்க்கிற நிர்வாகி, நாளைய பயிரை விற்று இன்றைய பசிக்கு வழி தேடுகிறார். மறுநாளே மார்க் போடும் பழக்கம் அந்த அவசரத்துக்குத் தூபம் போடுகிறது. நாற்று நட்டவனை அறுவடை நாளில் அல்லவா கணக்குக் கேட்க வேண்டும்?